தில்லைக்கு நான் பார்த்த இரண்டு தொட்டிகள்

வைகாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். நர்சரி கேட்டைத் திறந்து, பின்பக்கம் பச்சை வலைக்குக் கீழே எட்டிப் பார்த்தவன், கையிலிருந்த சாவிக்கொத்தைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டுவிட்டேன். ஊருக்குப் போகும்போது பச்சைப் பசேலென்று இருந்த தில்லை மரம் சிவந்து நின்றது. ஒரு இலை, இரண்டு இலை இல்லை. மொத்த மரமும். தரையில் வேறு உதிர்ந்து கிடந்தது.

"முதலாளி, மரம் செத்துப்போச்சு!"

கல்லாவில் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "எந்த மரம்டா?"

"மேடம் மரம்!"

இப்போது திரும்பினார். "அப்ப அதுக்கு மாலை நான் வாங்கிடறேன். உனக்கு மேடம் வாங்கிட்டு வருவாங்க."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் எங்கள் நர்சரி. அதில் எனக்குத் தொட்டி டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்ட் என்றால் நான் ஒருத்தன்தான். போன்சாய் மரத்துக்கு எந்தத் தொட்டி பொருந்தும் என்று பார்த்து, மரத்தை அதில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. புதுசாக வருகிற பையன்கள், "மாமா, தொட்டி செலக்ட் பண்ண ஏதாச்சும் ரூல் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. அந்த ரூலை எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டும் நான் எப்படி வேர்த்துக் கொட்டினேன் என்று சொன்னால் ரூலும் மனதில் நிற்கும், நானும் நிற்பேன்.

1. பெயிண்ட் டப்பாவில் வந்தது

மேடம் பேர் தமயந்தி. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி லேபில் வேலை. சொந்த ஊர் கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். சித்திரை ஆரம்பத்தில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்த கையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் துருப்பிடித்த பெயிண்ட் டப்பா. அதற்குள் மரம்.

டப்பாவைப் பார்த்து ஒரு ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மரத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

இரண்டடி உயரம். பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரி அடிமரம் முறுக்கிக்கொண்டு ஏறியிருந்தது. மண்ணுக்கு மேலே வேர்கள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஒரு கிளையில்கூடக் கம்பி கட்டிய தழும்பு கிடையாது. நாங்கள் வருஷக்கணக்கில் கம்பி கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக் கொண்டுவருகிற வளைவு.

"யாரு மேடம் வளைச்சது?"

"காத்து சார். எங்க மாடியில காத்து ஜாஸ்தி."

"எத்தன வருஷ மரம்?"

"கடல் வந்த வருஷத்துலேர்ந்து."

மற்றவர்கள் சுனாமி என்பார்கள். எங்கள் பக்கம் கடல் வந்தது என்றால் போதும். தண்ணீர் வடிந்து சில மாதம் கழித்து அவரும் அவர் அம்மாவும் வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் சேறு. அடுப்படி இருந்த மூலையில் மட்டும் விரல் உயரத்துக்கு ஒரு தில்லைக் கன்று. கழிமுகத்துக் காட்டிலிருந்து விதை மிதந்து வந்திருக்கும். அம்மா அதைக் கையாலேயே தோண்டி, பக்கத்தில் கிடந்த டப்பாவில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் வாடகை வீடு வாடகை வீடாக அந்த டப்பாவும் கூடவே போயிருக்கிறது.

"இப்ப சிதம்பரத்துல சொந்தமா வீடு கட்டிட்டேன் சார். வைகாசி கடைசியில பால் காய்ச்சுறோம். அம்மாவுக்கு ஒரே கண்டிஷன். மொதல்ல மரம் உள்ள போவணும், அப்பறந்தான் நான் வருவேன்றாங்க. டப்பா அடி உட்டுப்போச்சு, தூக்கினா மண்ணு கொட்டுது. நல்ல தொட்டியா பாத்துக் குடுங்க."

முதலாளி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மேடம், இது பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்னு சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள வைக்கலாமா?"

"இருவது வருஷமா எங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் சார் தெரியுது."

முதலாளி வந்த வழியே கல்லாவுக்குப் போய்விட்டார்.

2. மெரூன்

ரூல் இதுதான். அடிமரம் எவ்வளவு தடிமனோ, தொட்டி ஏறக்குறைய அவ்வளவு ஆழம். மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொட்டியின் நீளம். பூக்கிற, காய்க்கிற மரத்துக்குக் கிளேஸ் போட்ட பளபளப்புத் தொட்டி, முரட்டு மரத்துக்குக் கிளேஸ் இல்லாத மண்தொட்டி. கலர் என்று வந்தால் இலையை எடுத்துக் காட்டுகிற மாதிரி இருக்கவேண்டும்.

முதல் இரண்டையும் டேப் வைத்து அளந்தேன். மூன்றாவதில் எனக்கு ஆசை வந்துவிட்டது. புது வீடு, விசேஷம், நாலு பேர் வருவார்கள். ஷோகேஸில் ஒரு மெரூன் கலர் தொட்டி இருந்தது. கண்ணாடி மாதிரி கிளேஸ். முகம் பார்த்துத் தலை வாரலாம். நான் வாரியிருக்கிறேன். பச்சை இலைக்குக் கீழே அந்த மெரூனை வைத்துப் பார்த்தேன், தூக்கிக் காட்டியது. மேடமும் சரி என்று, பால் காய்ச்சுகிற நாள் வரை மரத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அவர் மரத்தைத்தான் பார்த்தார், தொட்டியைப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொட்டி மாற்றும்போது ஒரு வேரை வெட்டினேன். பால் வடிந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு. அவ்வளவுதான், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். மூக்கு அரிக்கிறது. கண் அரிக்கிறது. அதுவரை அரிக்காத இடமெல்லாம் அரிக்கிறது.

முதலாளி கேட்டார்: "என்னடா, போலீஸ் வந்திருக்கா?"

"பால் பட்டுடுச்சி முதலாளி. கண்ணு மங்குற மாதிரி இருக்கு."

"கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிருக்கியே, மங்காம என்ன பண்ணும்?"

சோப்புப் போட்டுக் கழுவினேன். கையில் கொஞ்சம் தடிப்பு, அதோடு சரி. ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் தில்லையைத் தொடும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். இது ஜோக் இல்லை.

3. மரம் ரெஸ்ட்ல இருக்கு

கல்யாண லீவு முடிந்து வந்த அன்று, அந்தச் சிவந்த மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்தேன். தொட்டியின் அடி ஓட்டைகளில் குச்சி விட்டுப் பார்த்தேன், அடைப்பு இல்லை. மண்ணை மோந்து பார்த்தேன், வேர் அழுகிய நாற்றம் இல்லை. நகத்தால் ஒரு கிளையைக் கீறினால் உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கீறினால் பால் வரும். கீறவில்லை.

போன் அடித்தது. தமயந்தி மேடம்.

"சார், மரம் எப்படி இருக்கு?"

"ரெஸ்ட்ல இருக்கு மேடம்."

"மரத்துக்கு என்ன சார் ரெஸ்ட்டு?"

"புதுத் தொட்டி இல்லியா, அலுப்பு இருக்கும்."

அதற்கப்புறம் அவர் நம்பர் வந்தால் போனை உரமூட்டைக்குக் கீழே வைத்துவிடுவேன். உரமூட்டை அதிரும். முதலாளி அந்த மூட்டையைப் பார்த்து, "யூரியா கூப்புடுது, பேசுறா" என்பார்.

சிரித்துக்கொண்டே இருந்தேனே தவிர, ராத்திரி சோறு இறங்கவில்லை. வேறு கன்று வாங்கித் தரலாம், வேறு தொட்டி தரலாம். அந்த அடுப்படியில் முளைத்த மரத்துக்கு என்ன தருவது? மரம் உள்ளே போகாமல் வரமாட்டேன் என்று சொன்ன அம்மாவிடம் யார் போய் நிற்பது?

தினமும் இலை கொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டுகிற இலையும், மிச்சம் இருக்கிற இலையும், கீழே மெரூனும் சேர்ந்து பார்க்க ஏதோ தீ விபத்து மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் போட்ட செங்கல் தூளும் ஆற்று மணலும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உப்பங்கழிச் சேற்றில் பிறந்த மரம். கிள்ளைக்குப் போய் யாராவது ஒரு நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு கோணி சேறு கொண்டுவந்து போட்டால் பிழைத்துவிடும்.

4. கிள்ளை ரோடு

பைக்கில் கோணியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். சிதம்பரம் வந்ததும் கிழக்கே திரும்பவேண்டும். நான் மேற்கே திரும்பினேன். மனசுக்குள் அந்த அம்மாவிடம் சொல்லவேண்டிய வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதில், கீரப்பாளையம் தாண்டும்போதுதான் சுற்றிலும் வயலாக இருப்பது தெரிந்தது. டீக்கடையில் விசாரித்தேன்.

"கடல் பக்கம் போவணும், இன்னும் எவ்ளோ தூரம்?"

"இப்பிடியே நேரா போனீங்கன்னா ஊரு உலகம் சுத்தி அந்தப் பக்கமா வரலாம் மாமா. அவசரம்னா வண்டியத் திருப்புங்க."

திருப்பினேன். வெயில் சாயத் தொடங்கியபோது கிள்ளையைத் தாண்டி, வாய்க்கால் கரையோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினேன்.

எதிர்க்கரை முழுக்கச் சிவப்பு.

ஒரு மரம் இல்லை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தில்லை. சில மரம் ஆரஞ்சு, சில மரம் மிளகாய்ப் பழம், சில மரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் கிளையோடு. நடுநடுவே மற்ற மரங்கள் பச்சையாக நின்றதால் சிவப்பு இன்னும் சிவப்பாக இருந்தது. காற்று அடித்தால் இலை தண்ணீரில் விழுந்து, ஓட்டத்தோடு என்னைத் தாண்டிப் போனது. கீழே சேறு. சாம்பல் நிறம், பளபளப்பு இல்லாமல், விளிம்பு எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சேறு.

என் மரம் சாகவில்லை. அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு விதையாக இந்தக் காட்டைவிட்டுப் போனது. வாடகை வீட்டு மாடியில் டப்பாவில் வளர்ந்தது. கடலூரில் பச்சை வலைக்குக் கீழே, தலை வாருகிற தொட்டியில் நின்றது. யாரும் தகவல் சொல்லவில்லை. ஆனால் இங்கே சொந்தக்காரர்கள் சிவக்கிற அதே நேரத்தில் அங்கே அதுவும் சிவந்திருக்கிறது.

வலையை உதறிக்கொண்டிருந்த படகுக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னா மச்சான், மரத்தப் பாத்து அழுவுற?"

"பால் பட்டுடுச்சி" என்றேன்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா?"

கோணி காலியாகவே இருந்தது. அங்கேயே நின்று மேடமுக்குப் போன் போட்டேன். மரம் சிவந்துவிட்டது, இலை கொட்டுகிறது, பயந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஆமா சார், வருஷா வருஷம் செவக்கும். கொட்டிட்டுத் துளுக்கும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அதச் சொல்லலாம்னுதான் நாலு நாளா போன் அடிக்கிறேன், நீங்க எடுக்கவே மாட்றீங்க."

5. காக்காய்த் தண்ணீர்

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சேறுதான் கண்ணுக்குள் நின்றது. மரம் சரி. தொட்டிதான் தப்பு. சித்திரையில் பச்சையாக இருந்த மரத்துக்குத் தொட்டி பார்த்தேன். அது வைகாசியில் எப்படி மாறும் என்று கேட்கவில்லை.

எங்கள் நர்சரிக் கைப்பிடிச் சுவரில் ஒரு தொட்டி இருந்தது. சூளையில் ஏதோ கோளாறாகி, சிவப்பாக வரவேண்டியது சாம்பலாக வந்துவிட்டது. கிளேஸ் கிடையாது, விளிம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். யாரும் வாங்காததால் முதலாளி ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துக் காக்காய்க்குத் தண்ணீர் வைத்திருந்தார். டேப்பை வைத்தேன். மெரூன் அளவுக்கே ஆழம், நீளமும் அகலமும் இரண்டு விரல் ஜாஸ்தி.

"முதலாளி, இது வேணும்."

"டேய், ஒரு மாசத்துல ரெண்டு தடவ தொட்டி மாத்தினா மரம் போயிடும்டா."

"வேரத் தொடமாட்டேன். மண்ணோட அப்படியே தூக்கி வச்சிருவேன்."

"காக்கா கேட்டா?"

"மெரூன் இப்ப காலியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க."

சிமெண்டைத் தட்டி எடுத்து, ஓட்டைக்கு வலைத்துண்டு போட்டு, வேர்க்கட்டை உடையாமல் தூக்கி இறக்கினேன். சுற்றிலும் இருந்த ஒரு விரல் இடைவெளியில் மண்ணைத் திணித்தேன். அடியிலிருந்து கம்பி கொடுத்துக் கட்டினேன். இந்தத் தடவை கண்ணாடி, கையுறை, மேலே ஒரு ஹெல்மெட். தள்ளி நின்று பார்த்தபோது, முதலாளி என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வந்து, விழுந்திருந்த ஒரு சிவப்பு இலையை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பால் காய்ச்சுகிற அன்று விடிவதற்குள் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். மரத்தில் மிச்சம் ஏழெட்டு இலைதான், அத்தனையும் சிவப்பு. ஆனால் கிளை நுனிகளில் அரிசி அளவுக்குப் பச்சை முட்டியிருந்தது. மேடம் மரத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் உள்ளே போனார். பின்னாலேயே அவர் அம்மா, அஞ்சலையம்மா, நிறைகுடத்தோடு வலதுகால் வைத்து வந்தார். குடத்தை இறக்கிவிட்டு மரத்துக்கு எதிரே நின்றார். நான் பின்னால் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

குனிந்து தொட்டி விளிம்பை விரலால் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"சேத்தோடவே தூக்கியாந்துட்டியா? தொட்டி வாங்கறேன்னியே, எங்க?"

மேடம் என்னைப் பார்த்தார்.

"அடுப்படி ஜன்னலாண்ட வையி" என்றார் அஞ்சலையம்மா. "அங்கதான மொளச்சுது."

வைத்தோம். அதற்குப் பக்கத்தில்தான் பால் பொங்கியது.

ஆக, தம்பிகளா, ஆழத்தையும் நீளத்தையும் டேப் சொல்லிவிடும். கலர் பார்க்கும் முன்னால், இந்த மரம் வருஷம் முழுக்க என்னென்ன ஆகும் என்று அதை வளர்த்தவரிடம் கேளுங்கள். அவர் போன் செய்தால், எடுங்கள்.