மூன்று கொக்குகள்

நேற்றைய மழையில் எங்கள் கம்பெனி பார்க்கிங்கில் தேங்கிய தண்ணீரிலிருந்து பாசியும் சேறும் கலந்த பழைய வாசனை எழுந்தபோதுதான், தினமும் நான் ஸ்கூட்டியை நிறுத்துவது ஏரிக்குள் என்பது நினைவுக்கு வந்தது.

எட்டாம் வகுப்பில், மத்தூரிலிருந்து நானும் கிருஷ்ணகிரியிலிருந்து நஸ்ரினும் ஓசூருக்குப் புதிதாக வந்திருந்தோம். ஒரு விடுமுறை நாள் முழுக்கப் பறவை பார்க்க இந்த ஏரியைச் சைக்கிளில் சுற்றினோம். நான் மிதிக்க, கேரியரில் இருந்தவள், தூரத்தில் வெள்ளையாய் எது தெரிந்தாலும் கரையில் இருப்பவரிடம் பெயர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். துணி துவைத்தவர் கொக்கு என்றார், எதிர்க்கரையில் ஆடு மேய்த்தவர் கொங்க என்றார், கீரை பறித்த அம்மா கொக்கரெ என்றாள்.

சாயங்காலம் டீக்கடை அக்கா நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "தமிழு, தெலுங்கு, கன்னடம். மூணும் ஒரே கொக்குதாம்மா!"

நஸ்ரின் பேனாவைத் திறந்தாள். "ரெண்ட அடிச்சிரட்டாடி?"

"வேணாம்டி, இருக்கட்டும்."

கரையில் பேசிய எல்லோருக்குமாக நோட்டில் அது மூன்றாகவே இருந்தது. பிறகு ஏரிக்குள் லாரி லாரியாக மண் கொட்டினார்கள்.

பார்க்கிங் தண்ணீர் ஓரமாக நின்றே பெங்களூரில் இருக்கும் நஸ்ரினுக்கு போன் செய்தேன். "நம்ம ஏரில கொக்கு வந்திருக்குடி."

"எத்தன?"

எதிரே ஒன்றுதான் நின்றிருந்தது.

"மூணு," என்றேன்.