டாக்டர் முன்னால் வலிக்காத முட்டி

ராணுவத்தில் பனிமலைக் காவலில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு ஓய்வுபெற்று வந்தவர் என் வீட்டுக்காரர். ஆண்டாள் சன்னிதியில் விழுந்து சேவித்தால் எழுந்திருக்க என் தோள் வேண்டும். வீட்டில் அவர் முனகுவது தெருவுக்கே கேட்கும். ஆனால் ராஜபாளையத்து டாக்டர் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். "வலி எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டதும் இவர் விறைத்து நின்று, "வலியே இல்லை சார்!" என்பார். மூன்று மாதமாக இந்தப் பரேடு. மூன்று மாதமும் சத்து மாத்திரை.

நாலாம் மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், பொண்டாட்டி பேச்செல்லாம் இவியளுக்கு ஏறாது. நீங்க ஆர்டர் போடுங்க" என்றேன்.

"உண்மையச் சொல்லு. இது ஆர்டர்" என்றார் டாக்டர்.

"ரெண்டு முட்டியும் உசுரு போகுது சார்!" என்றார் இவர், அதே விறைப்போடு.

டாக்டர் உடனே எக்ஸ்ரேக்கு எழுதினார். காலைக் குணமாக்கு என்றுதான் ஆண்டாளிடம் வேண்டியிருந்தேன். தாயார் முதலில் வாயைக் குணமாக்கினாள்.