பத்துத் தரம் பிரட்டிய உலோகம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் கதிரையை விட்டு எழும்பிப் போகிற ஆள் நான். உலோகங்களை ஆராய்கிறவள், தராசு காட்டாததை நம்ப மாட்டேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், நானும் முதலில் சிரிக்கத்தான் பார்த்தேன்.

உயர் எந்திரப்பிக் கலப்புலோகம் என்றதும் பயந்துவிடாதீர்கள். வழக்கமான உருக்கில் இரும்புதான் முதலாளி, மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். இதில் நிக்கல், குரோமியம் என்று ஐந்து உலோகங்கள் ஏறக்குறையச் சம பங்கு. கடலுப்பு அரிக்காத ஒன்றை இப்படிச் செய்யலாம் என்று மூன்று வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தேன். சிறு தகடுகளாக்கி ஒரு சட்டத்தில் கட்டி, ஓலைத்தொடுவாய் என்ற மீன்பிடிக் கிராமத்தில் சூசை அண்ணை வள்ளம் கட்டும் கம்பத்தில் தண்ணீருக்குள் இறக்கியிருந்தேன். எஞ்சின் தண்டு உப்பில் இற்று நடுக்கடலில் முறிந்து, இரண்டு நாள் மிதந்து உயிர் தப்பி வந்த மனிதர் அவர். அவருக்கு இது ஆராய்ச்சி இல்லை, உயிர்.

அன்று ஞாயிறு காலை, ஊர் முழுக்கத் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போய்விட்டது. நான் நானாட்டான்காரி, சைவம், ஆகவே தனியாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சட்டத்தைத் தூக்கினேன். எல்லாத் தகட்டிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு. இதுவும் சரிவராவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கரையில் உட்கார்ந்து அழுதேன்.

தோளில் ஈர வலையோடு வயதான ஒருவர் வந்து, என் கையிலிருந்த தகட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“பிள்ளை, இது ஒரு பக்கம் வேகேல்லை. எத்தினை தரம் பிரட்டினனி?”

“அஞ்சு தரம், ஐயா.”

“காணாது. பத்துத் தரம் பிரட்டு.”

தகட்டைத் திருப்பித் தந்தார். வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது, பிறகுதான் எனக்கு உறைத்தது. உருக்கிய கட்டியைப் பிரட்டிப் போட்டுத் திரும்பத் திரும்ப உருக்கினால்தான் ஐந்தும் ஒழுங்காகக் கலக்கும். அதை அந்த ஊரில் ஒருவருக்கும் நான் சொன்னதே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம், ஈர மணலில் என் கால் தடம் மட்டும்தான்.

பூசை முடிந்து வந்த சூசை அண்ணையிடம் சொன்னேன். அவர் பகிடி பண்ணவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில ஒருத்தரும் வலை நனைக்கிறேல்லை, தங்கச்சி,” என்றார்.

விசர் வேலைதான், ஆனாலும் காரணம் சொல்லாமல் பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பத்துத் தரம் பிரட்டி உருக்கினேன். நம்பினால் நம்புங்கள், அந்தத் தகடுகள் கடலுக்குள் கிடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, ஒரு புள்ளி இல்லை. சூசை அண்ணையின் எஞ்சினில் இப்போது அதே உலோகத்தில் செய்த தண்டு. அவர் மனைவி கரைக்கு வந்து காத்து நிற்பதை விட்டுவிட்டா. எனக்கு அது போதும்.

மாதம் ஒருமுறை போய்ச் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தகட்டையும் இலக்கம் வெளியே தெரிய, நாலு மூலையும் நைலோன் நூலால் இறுக்கித்தான் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரேயொரு தகடு மட்டும் மறுபக்கம் பிரண்டு கிடக்கிறது. நான் போட்ட முடிச்சுகள் நாலும் அப்படியே இருக்கின்றன.