லேப்டாப் வாசித்த டிரம்ஸ்

கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறவன் நான். போன வருஷம் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினேன். அதோடு வந்த பெட்டியிலேயே எல்லா சத்தமும் இருந்தது. என் மச்சினனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. வீடியோ பார்த்தே மேதையானவர் அவர்.

"இது பொம்மை சத்தம் மாமா. நிஜ டிரம்ஸைப் பதிவு பண்ணி வச்ச சாம்பிள் சாஃப்ட்வேரை லேப்டாப்புல போட்டா நிஜ டிரம்ஸே வந்துடும்" என்று பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயரை இழுத்தார். கீழ்பென்னாத்தூரில் என் வீட்டில் பிரமாதமாகத்தான் கேட்டது.

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் ஒரு ரிசப்ஷன். பாட்டு ஆரம்பிக்கிற நேரத்தில் சாஃப்ட்வேர் திறக்க மறுத்தது. லைசென்ஸ் சரிபார்க்க இன்டர்நெட் வேண்டுமாம். கிரிவலக் கூட்டத்தில் போன் லைனே கிடைக்காது, இன்டர்நெட் எங்கே வரும்? திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்த மேதைக்கு அது தோன்றவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தை கிரிவலம் வரக் கிளம்பினார்.

பாடகி என்னை முறைத்தார். லேப்டாப் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த பொம்மைப் பெட்டியையே நேராக மிக்ஸரில் சொருகி வாசித்தேன். நல்ல கைதட்டல்.

சத்தம் கேட்டு மச்சினன் ஓடி வந்தார். "கனெக்ட் ஆயிடுச்சா மாமா? நான் சொல்லல, நிஜ டிரம்ஸ் மாதிரியே இருக்குது பாருங்க!"

இப்போதும் எல்லாக் கச்சேரிக்கும் லேப்டாப்பை எடுத்துப் போகிறேன். அவர் கண்ணில் படுகிற மாதிரி திறந்தும் வைக்கிறேன். ஒயரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். மேதை இன்னும் கவனிக்கவில்லை.