மாமாவுக்குப் புரியாத ஆஃப்சைடு

கண்ணாடி மாமாவுக்கு ஆஃப்சைடு புரிந்துவிட்டதாம்.

சேதி பழைய கோல்கீப்பரின் மனைவி வாயில் பிறந்து, பள்ளிக்கூட வாசலில் அக்காவின் காதில் விழுந்து, அங்கிருந்து போனேறிக் கடல் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த தம்பியிடம் வந்து சேர்ந்தது. தம்பிக்கு நாற்பது வயது. சின்ன வயதில் ஆடிய ஃபுட்பால் கிளப்பில் அவன் பெயர் ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை. உடம்பு சதை போட்ட பிறகும் பெயர் மட்டும் இளைத்தபடியே இருந்தது.

"சும்மா கதை விடாதேக்கா," என்றான்.

"நானும் அப்படித்தான் சொன்னேன். அவ வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு கேட்டாராம்."

நடந்தது இதுதான். போன வாரம் பையன்கள் ஆட்டத்தில், கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறிந்த பந்தை வாங்கி நம் ஆள் ஒருவன் கோல் போட்டிருக்கிறான். எதிரணிப் பயிற்சியாளர் ஆஃப்சைடு, ஆஃப்சைடு என்று தையத்தக்கா ஆடியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பையனின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்த மாமா, தலையைக்கூட நிமிர்த்தாமல், "த்ரோ-இன்ல ஏதுங்க ஆஃப்சைடு?" என்றாராம். ரெஃப்ரியே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டாராம்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். ஒட்டடை டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். த்ரோ-இன் விலக்கு என்பது விதிகளின் உள்ளறையில் இருக்கும் சமாசாரம். வாசலையே தாண்டாதவர் அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தார்? அவருக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தவன் இவன். த்ரோ-இன் பற்றி இவன் ஒரு நாளும் சொன்னதில்லை. இவனுக்கே அது பிற்பாடுதான் தெரியும்.

கண்ணாடி மாமா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கிளப்புக்குள் அவர் வந்ததே சண்டை போடத்தான். யாரோ அடித்த ஃப்ரீ கிக் சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கடையின் ஷோகேஸுக்குள் குடியேறியது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் மைதானத்துக்குள் நுழைந்தபோது அங்கே வேறொரு ரகளை. பயிற்சியாளர் வரவில்லை. பெஞ்சில் பெரியவர் ஒருத்தர் இல்லாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கே என்று ரெஃப்ரி கையை விரித்துவிட்டார். பையன்கள் அத்தனை பேரும் கடைக்காரரைப் பார்த்தார்கள்.

"ஷோகேஸை உடைச்சது யாருன்னு சொல்ற வரைக்கும் உட்கார்றேன்," என்று உட்கார்ந்தார்.

யாரும் சொல்லவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. வருஷம் முப்பதாகப் போகிறது.

கிளப்பின் காகிதங்களில் அவருக்கு ஆலோசகர் என்று பெயர். ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே ஆலோசனை, "தண்ணி குடிங்கடா." எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் கைதட்டுவார். கேட்டால், அவனும் கஷ்டப்பட்டுத்தானே ஓடினான் என்பார். ஒருமுறை அநியாயமாகப் பெனால்டி கொடுத்த ரெஃப்ரியிடம் போய்க் கடை விலாசத்தைக் கொடுத்து, கண் பரிசோதனை இலவசம் என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா கிண்டலுக்குச் சொல்லவில்லை. ரெஃப்ரி மறுநாளே கடைக்குப் போனார். நிஜமாகவே பவர் இருந்தது. அன்றிலிருந்து அந்த ரெஃப்ரி எங்களுக்குச் சாதகமாக விசில் ஊதுகிறார் என்று எதிரணிகள் புகார் கொடுத்தன. அவருக்கு இப்போதுதான் எங்கள் கோல் கண்ணுக்குத் தெரிகிறது என்று கிளப் பதில் எழுதியது.

ஞாயிறு மதியங்களில் கடையைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. எல்லாருக்கும் அத்தை. கண்ணாடி வாங்க வந்தவர்களைவிடக் கண்ணாடியை உடைத்தவர்கள்தான் இந்த மனுஷனுக்கு உறவு என்று வாடிக்கையாளரிடமே சொல்லிக்காட்டுவார்.

ஆட்டத்தின் நடுவில் ஒரு பையனை வெளியே எடுக்கும்போதுதான் மாமாவுக்கு வேலை ஆரம்பமாகும். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். மாமா நகர்ந்து இடம் கொடுப்பார்.

"வா வா, நல்ல சமயத்துல வந்தே. இந்த ஆஃப்சைடுன்னா என்னடா? எனக்கு இன்னும் பிடிபடவே மாட்டேங்குது."

ஒட்டடையைக் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இறக்குவார்கள். அந்தப் பத்து நிமிஷம் முடிவதற்குள் எடுத்தும் விடுவார்கள். ஆக, ஆடிய நேரத்தைவிட ஆஃப்சைடை விளக்கிய நேரம்தான் அவனுக்கு அதிகம். தண்ணீர் பாட்டில்களை நிறுத்தி விளக்கினான். அது புரியவில்லை என்றதும் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, அடுத்த வாரம் காலணிகளை வைத்து விளக்கினான். மகன் தரையில் ஏதோ வரைந்து வரைந்து அழிப்பதைப் பார்த்து, கணக்குப் போடுகிறான் என்று அப்பா மனம் குளிர்ந்துபோனார். "நீ சொன்னாத்தான் புரியுற மாதிரி இருக்கு. வெளியில சொல்லிடாதே, வெட்கமா இருக்கு," என்பார் மாமா. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து.

அந்தத் தெம்பில்தான் ஒட்டடை வெளிநாட்டில் ஒரு பெரிய நிறுவனத்தில் விளக்கிச் சொல்லும் வேலைக்கே போனான். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்பது. மாமா இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார், பழைய பிள்ளைகள் ஆளுக்கொரு வாழ்த்தைப் பேசி அனுப்புங்கள் என்று கிளப்பிலிருந்து கேட்டபோது, தன் வாழ்த்தை அவன் இப்படி ஆரம்பித்திருந்தான்: 'மாமாவுக்கு ஆஃப்சைடு விளக்கியே வாத்தியார் ஆனவன் நான்.'

அதை இன்னும் அனுப்பவில்லை. வியாழக்கிழமைதான் மேலாளர் கூப்பிட்டு, வகுப்புகளை இனி வீடியோவே பார்த்துக்கொள்ளும், நீங்கள் தீயணைப்புக் கருவிகளின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார். இப்போது இந்தச் சேதி. நமக்கு விளக்கத்தான் வருமா, இல்லை அதுவும் ஒரு நல்ல மனுஷன் போட்ட பிச்சையா? டீ ஆடை கட்டிவிட்டது.

கூட ஆடிய கோல்கீப்பரைக் கூப்பிட்டான். அவன் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான்.

"ஆமாடா, என் காதால கேட்டேன். எனக்கே நெஞ்சு ஆறல," என்றான் கோல்கீப்பர். "பிரேக்கு, பிரேக்கு... உன்னை இல்லடா, இங்க ஒரு அம்மா ரிவர்ஸ் பழகுறாங்க. மாமாவுக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தவனே நான்தான். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?"

"நீயா?"

"பின்னே? ஏழு கோல் வாங்கினேன்னு என்னை வெளியே எடுத்தாங்களே, அன்னிக்கு. என் கிளவுஸ் ரெண்டையும் தரையில வெச்சு விளக்கினேன். வெளியில சொல்லாதடான்னார். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

ஒட்டடை வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டான். எதற்கு வாழ்த்து என்று அவனுக்கே தெரியவில்லை. மறுபடி அக்காவைக் கூப்பிட்டான். அந்த நாளில் கிளப்பின் பெண்கள் அணியில் அக்கா முன்வரிசைக்காரி. விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சில்லை. அக்காவிடம் அப்படி ஓர் அமைதி வந்தால் ஒன்று லைன் கட்டாகியிருக்க வேண்டும், இல்லை அவளிடம் ரகசியம் இருக்க வேண்டும்.

"என்கிட்டயும் கேட்டார்டா. ஹேர்பின்னை வெச்சு விளக்கினேன்."

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னாரே. நீ மட்டும் சொன்னியா?"

"எப்போ கேட்டார்?"

"பெனால்டியை வெளியில அடிச்சுட்டு அழுதுக்கிட்டு வந்தேனே, அப்போ."

"கோல் போட்ட அன்னிக்கு?"

அக்கா யோசித்தாள். "கோல் போட்ட அன்னிக்குத் தண்ணி மட்டும்தான் கொடுத்தார்."

ஒட்டடை ஆடை கட்டிய டீயைத் தொட்டியில் ஊற்றினான்.

"அப்போ நான் விளக்கினது நல்லா இருந்துச்சா இல்லையாக்கா?"

"அதை என்கிட்ட கேட்டா? உன் ஆபீஸ்ல கேளு."

"ஆபீஸ்ல என்னை எடுத்துட்டாங்க. என் இடத்துல ஒரு தீயணைப்புக் கருவி பேசுது."

"பேசுதா?"

"கார்ட்டூன்கா. சிவப்பா, கண்ணு மூக்கெல்லாம் வெச்சு. கடைசியில கண்ணடிக்குது."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் சிரிக்க இவனுக்கும் சிரிப்பு வந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நம்மளையெல்லாம் ஏமாத்தினாரான்னு அவர்கிட்டயே கேட்டுடேன். மாமாவைக் கூப்பிடு," என்று வைத்துவிட்டாள்.

டம்ளரைக் கழுவும்போது ஒரு பழைய ஞாயிறு நினைவுக்கு வந்தது. பாட்டில்களை வரிசையாக நிறுத்தி, பந்து கிளம்பும்போது முன்னால் எதிரணியில் ரெண்டு பேராவது இருக்கணும் மாமா என்று இவன் அடித்துச் சொன்னான். மாமா தாடையைச் சொறிந்தபடி, "கோல்கீப்பரையும் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டார். ஒட்டடைக்கு அதுவரை அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. வாரம் முழுக்க விசாரித்து, சேர்த்துத்தான் என்று வந்து சொன்னான். இப்போது யோசித்தால், புரியாத மனுஷனின் கேள்விகள் எல்லாம் விளக்கத்தில் எங்கே ஓட்டை இருந்ததோ சரியாக அங்கேதான் வந்து நின்றிருக்கின்றன.

மாமாவின் எண்ணை எடுத்தான். உங்களுக்கு முதல்லேயே தெரியுமா என்று கேட்பதா? கேட்டால் மனுஷனை முகத்துக்கு நேராகப் பொய்யன் என்று சொன்ன மாதிரி. கேட்காவிட்டால் திங்கட்கிழமை அந்தக் கருவிகளின் கழுத்தில் தொங்கும் தேதிகளை எந்த முகத்தோடு பார்ப்பது? ஓய்வு பெறுகிறவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று இன்னொரு பயம். சரி, எடுக்கட்டும், வாயில் வருவது வரட்டும் என்று எண்ணை அழுத்தினான்.

மணி போனது. அங்கே இப்போது சாயங்காலம். ஆட்டம் பாதியாவது ஓடியிருக்கும். மாமாவின் போன் பம்ப்போடும் உபரிப் பந்துகளோடும் பைக்குள் கிடக்கும். விசில் ஊதிவிட்டால் அதை அவர் தொட மாட்டார்.

முழுக்க அடித்து நின்றது. மறுபடி போட்டான். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் உப்பு டப்பாவைக் கோல்கீப்பராக நிறுத்தினான். டம்ளரைக் கடைசித் தடுப்பாளராக்கினான். ஸ்பூனை நம் ஆளாக்கினான்.

ஒருவேளை யாரையோ இப்போதுதான் வெளியே எடுத்திருப்பார்கள். மாமா நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. ஒட்டடை ஸ்பூனை ஒரு விரற்கடை பின்னால் இழுத்து வைத்தான். இல்லாவிட்டால் ஆஃப்சைடு.