ரானுக்கு நெய்த பொன்னாடை

நான் இருபது வருடமாகக் குடியிருக்கும் இங்கிலாந்து ஊரில் கால்பந்தாட்டம் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி. இப்போது பன்னிரண்டரைக்கே விசில் ஊதிவிடுகிறார்கள். அப்போதுதான் ஆசியாவில் சாயங்காலம், டிவிக்குக் கூட்டம் சேரும், பணம் கொட்டும் என்கிறார்கள். அந்த ஆசியா எங்கே இருக்கிறது என்று இந்த விடுமுறையில் கண்டுபிடித்தேன். காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டில், என் தங்கை வீட்டுக் கூடத்தில் லுங்கி கட்டிக்கொண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறது. பெயர் ஏகாம்பரம். என் மச்சான்.

"எங்கேயோ எவனோ டிவி பார்க்க நான் மத்தியானச் சாப்பாட்டை விடணுமா?" என்று ரான் ஒருமுறை கேட்டிருக்கிறான். ரான் என் பக்கத்து இருக்கைக்காரன், ஓய்வுபெறப் போகும் தபால்காரன். அந்த நாட்டில் எனக்கென்று ஒருவன் இடம் பிடித்து வைத்தான் என்றால் அது இவன் ஒருவன்தான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சீட்டுப் பிடிப்போம், அப்புறம் அந்தச் சீட்டில் கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த சனிக்கிழமை வேலை முடித்து மூச்சிரைக்க ஓடிப்போனால், எண் போட்ட என் இருக்கைமேல் அவன் ஸ்கார்ஃப் கிடக்கிறது. "ஆள் வருது" என்றான், நான் கற்றுக்கொடுத்த தமிழில். பதினோரு வருடம் அந்த ஸ்கார்ஃப் அங்கே கிடந்தது.

பிறகு கிளப்பை ஒரு கோடீஸ்வரர் வாங்கினார். அவர் வந்ததும் டிக்கெட் விலை ஏறியது, ஆட்ட நேரம் இறங்கியது. அவர் மைதானத்துக்கு முதல்முறை வரும் நாளில் யாரும் கத்தக் கூடாது, எல்லாரும் எழுந்து முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்று ரசிகர்கள் முடிவு செய்தார்கள். ரான் எனக்கு இரண்டு தடவை ஒத்திகையே வைத்தான். எங்கள் ஊரில் பணக்காரர் வந்தால் முகத்துக்கு நேரே மாலை, முதுகுக்குப் பின்னால் வசவு, நீங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறீர்கள் என்றேன். "திரும்பி நின்னா போதும், மேட்" என்றான்.

அதே நாள் அவனுக்கு அறுபது பிறந்தது. அறுபதுக்குப் பொன்னாடை போடாமல் விடுவதா? மச்சான் தன் தறியிலேயே கிளப் நிறத்தில், அரக்கு உடல், நீலக் கரை, ஜரிகை முந்தி என்று ஒன்றை நெய்து அனுப்பியிருந்தான். உனக்கு ஊரிலிருந்து ஒன்று வந்திருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்று ரானிடம் சொல்லிவைத்தேன். பொன்னாடை என் பையில் இருந்தது.

கோடீஸ்வரர் கேமராக்களோடு நேரே எங்கள் பகுதிக்கே படியேறி வந்துவிட்டார். எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன், சத்தியமாக. ஆனால் என் இருக்கை நடைபாதை ஓரம். அந்த மனிதர் சுற்றி என் முன்னால் வந்து நின்று கையை நீட்டிவிட்டார். முன்னால் பெரிய மனிதர், சுற்றிலும் கேமரா, பையில் பொன்னாடை. காஞ்சிபுரத்துக்காரன் கைக்கு இதற்குமேல் மூளை தேவையில்லை. பிரித்தேன், உதறினேன், போர்த்தினேன். கும்பிட்டாயா என்று கேட்காதீர்கள். கும்பிட்டேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு, நீங்கள்தான் இந்தக் கிளப்பின் குடும்பம் என்றார். பொன்னாடை படியிறங்கிப் போனது.

ரான் மெதுவாகத் திரும்பினான்.

"எனக்கு வந்ததுன்னு சொன்னியே, அது எங்க?"

நான் படிக்கட்டைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். அடுத்த சனிக்கிழமை ஸ்கார்ஃப் அவன் கழுத்தில் இருந்தது.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. எங்கள் பகுதியை இடித்து விருந்தினருக்குக் கண்ணாடி அறைகள் கட்டப் போகிறார்களாம். ரானுக்கு வடக்கு மூலை, எனக்குத் தெற்கு மூலை. குடும்பம் என்றீர்களே என்று முதலாளிக்கு எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு கம்ப்யூட்டர் பதில் போட்டது. ரானுக்கு மூன்று முறை எழுதினேன். அங்கே கம்ப்யூட்டர்கூட இல்லை.

இப்போது தங்கை வீட்டு டிவியில் எங்கள் கிளப் ஆட்டம்; இடைவேளையில் கிளப்பின் விளம்பரம் ஓடியது. மச்சான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, தெருவே கேட்கும்படி எல்லாரையும் கூப்பிட்டான். திரையில் நான். உதறுகிறேன், போர்த்துகிறேன், கும்பிடுகிறேன்.

"பாருபா, நம்ம தறியில நெய்தது உலகம் முழுக்க ஓடிக்கினு இருக்குது" என்றான்.

"அது அவருக்கு இல்ல மச்சான். ரானுக்கு."

"உடுபா. அந்தத் தபால்காரரு இன்னா பண்ணிருப்பாரு, மடிச்சி பீரோல வெச்சிருப்பாரு."

ஆமாம். மடித்து வைத்திருப்பான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, மறுபடி மடித்து வைத்திருப்பான். நான் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. கேமரா ஒருமுறை சுற்றி வந்தது. நாங்கள் உட்கார்ந்த இடத்தில் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். விளம்பரம் பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரர் என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போய், பாதியில் நின்றார். அதன்மேல் என் துண்டு கிடந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது.

"ஆள் வருதாபா?" என்றார்.

"வருது" என்றேன்.

ஆட்டம் முடியும் வரை மனிதர் நின்றுகொண்டே பார்த்தார்.