மூன்று தோற்றங்களில் ஒரு மிருகம்

இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, அதிலும் தமிழில் சுமாரான மதிப்பெண்தான். இருபது வருடமாக நான் எழுதியதெல்லாம் ஆய்வுத் தாளில் 'சரி', 'தள்ளுபடி' என்ற இரண்டு வார்த்தைகள். நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தது அதிகப்படியாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த ஒரு பொருள் இப்போது இல்லை. அது எப்படி இருந்தது என்பதாவது எங்காவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அது ஒரு விளையாட்டு. இரண்டு வருடம் உட்கார்ந்து நானே விதி எழுதி, நானே படம் வரைந்து செய்தது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தது. நகல் கிடையாது.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆய்வுப் பிரிவு. பாகத்தைக் கையில் எடுத்து, அளந்து, வரைபடத்தில் உள்ள அளவோடு பொருந்துகிறதா என்று பார்த்து, ஒரு பக்கம் வைக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான். இப்போதெல்லாம் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் முழங்கால் மடங்குவதற்கே இரண்டு நிறுத்தம் ஆகிறது.

விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் மகள். பெங்களூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது பலகையும் காயும் இல்லாத ஒரு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இருந்து, தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதற்குப் பகடை உருட்ட வேண்டும். அவளுடையதில் கோட்டை, வாள், வாயில் நுழையாத பெயர்கள்.

"அம்மா, உன் எதிர்ல ஒரு பூதம் நிக்குது. நீ என்ன பண்ற?"

"நீயே சொல்லு."

"நான் சொல்லக் கூடாதும்மா. நீதான் சொல்லணும்."

"அது போற வரைக்கும் ஓரமா நிக்கிறேன்."

மூன்று நாளும் நான் ஓரமாகவே நின்றதாகச் சொல்லிச் சிரித்தாள். கடைசி நாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கதை சொல்லும் இடத்தில் என்னை உட்காரவைத்தாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கதை சொல்பவளை யாரும் பார்ப்பதில்லை. ஆடுபவர்கள் இடமும் ஆளும் குறித்து நடுவில் போட்ட தாளைத்தான் பார்க்கிறார்கள். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசினேன்.

அவள் போன பிறகு எனக்கென்று ஒன்று செய்ய ஆரம்பித்தேன். கோட்டையும் ராஜாவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் குழாய், வால்வு, காற்றழுத்தம், கசிவு. அதனால் என் கதை ஆகாயத்தில் நடந்தது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போகும் ஒரு பழைய கப்பல். அதில் எந்நேரமும் ஏதாவது ஒன்று ஒழுகிக்கொண்டிருக்கும். கப்பலைத் துரத்தி வரும் ஒரு மிருகம், இரும்பைத் தின்னும், தின்றதைத் தூளாகத் துப்பும். அந்த ஆகாயத்தில் மந்திரமும் உண்டு. ஆனால் மந்திரம் சொன்னால் கப்பலில் காற்று குறையும் என்று விதி வைத்தேன். எதுவும் சும்மா கிடைப்பதாக எழுத எனக்கு வரவில்லை.

படம் வரைய நான் எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. நான் பார்த்த படமெல்லாம் கம்பெனி வரைபடம். அதனால் அந்த மிருகத்தையும் அப்படியே வரைந்தேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம். கொம்புக்கு அம்புக்குறி போட்டு அளவு. வாலுக்கு அளவு, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம் என்பதற்குக் கூட்டல் கழித்தல் ஐந்து. கண்ணின் விட்டம். பற்களுக்கு வட்டத்துக்குள் வரிசை எண். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடித்து, தண்ணீர் லாரி வந்து போன பிறகு, சமையலறைத் தரையில் தாளை விரித்து உட்காருவேன். ஒரு கப்பலுக்கு நாலு ஞாயிறு ஆகும். முதுகு போய்விடும். ஆனாலும் உட்காருவேன்.

தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு பாகத்தின் வரைபடம் மாறினால், பழைய வரைபடத்தில் சிவப்பு முத்திரை குத்தி ரத்து செய்வோம். பிறகு அதைத் துண்டாக்கும் மெஷினில் போட்டு, பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பிரிவில் அந்த வேலை என்னுடையது. பெரிய தாள், கனமான வெள்ளைத் தாள், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். அதை மெஷினுக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. சிலவற்றை மடித்து எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் அழித்ததாகவே எழுதினேன். காகிதக் கடையில் தாள் கிடைக்காமல் இல்லை. வீணாகப் போகிறதே என்று எடுத்தேன், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

ஆட இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பேக்கிங்கில் வேலை செய்யும் அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுபவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இன்னொருத்தி வாசலில் பெண்களின் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டிப் பெண். தளிப் பக்கத்துக்காரி, கன்னட வீடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஓய்வறையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆடுவோம். பகடை உருட்டினால் சூதாட்டம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால், எண் எழுதிய சீட்டுகளைக் காலி டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்போம்.

நீங்கள் யாராக இருக்கிறீர்கள் என்று முதல் நாள் கேட்டேன்.

"நான் கடத்தல்காரி," என்றாள் செக்யூரிட்டிப் பெண். "நாள்பூரா அடுத்தவங்க பையத் தொறந்து பாக்குறேன். இதுலயாவது என் பைய யாரும் தொறக்கக் கூடாது."

"என்னடி கடத்துவ?" என்றார் பேக்கிங் அக்கா.

"விதைக்கா. முட்டைக்கோஸ் விதை, கொத்தமல்லி விதை. மண்ணு இருக்குற ஊரு ஏதாவது இருக்கும்ல, அங்க கொண்டுபோய்ப் போடுவேன்."

பேக்கிங் அக்கா கப்பலின் சமையல்காரியாக இருக்கச் சம்மதித்தார். ஒவ்வொரு கிரகத்தில் இறங்கும்போதும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"இங்க தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வுடுறாங்க?"

"அக்கா, இது வேற கிரகம்."

"எந்தக் கிரகமா இருந்தா என்னம்மா. குடத்த எடுத்துட்டு எறங்கணுமா வேணாமா, அதச் சொல்லு."

அதனால் விதியில் ஒரு வரி சேர்த்தேன். இறங்கும் முன் தண்ணீருக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும்.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. ஷிப்ட் மாறும்போது மாதக்கணக்கில் நின்று, பிறகு தொடர்ந்தது. விதைகள் அந்த மிருகத்துக்குத் தப்பி, மண் இருக்கும் கிரகத்துக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மதியம்தான் மீதி. அந்தக் கிரகத்தை ஏற்கெனவே வரைந்துவிட்டேன். அவர்களுக்குக் காட்டவில்லை, ஃபைலின் அடியில் இருந்தது.

அந்த வாரம் கம்பெனியில் பித்தளைப் பாகம் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் மேசை போட்டிருந்தார்கள். செக்யூரிட்டி அதிகாரி பக்கத்தில் நின்றார். வழக்கமாகத் திரைக்குப் பின்னால் என் பையை மேலோட்டமாகத் தடவிவிட்டு அனுப்புகிற பெண், அன்று எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். டிபன் டப்பா, குடை, ஃபைல்.

"அது என்னம்மா பேப்பரு?" என்றார் அதிகாரி.

அவள் கை ஃபைலின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முதல் தாளைத் திருப்பினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"கேன்சல் ஆன டிராயிங் சார். நம்ம கம்பெனிது."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கால் வலித்தது. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

வியாழக்கிழமை காலை விசாரணை. மனிதவளப் பிரிவு மேனேஜர், என் மகளைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும், மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். சிவப்பு முத்திரை உள்ள பக்கத்தைவிட மறுபக்கம்தான் அவரைப் பயமுறுத்தியது. மூன்று தோற்றம், அளவு, கூட்டல் கழித்தல், வரிசை எண் எல்லாம் இருந்ததால், நான் ஏதோ பாகத்தின் வரைபடத்தை நகல் எடுத்து வெளியே கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"இது எந்த பார்ட்டும்மா?"

"பார்ட் இல்ல சார்."

"டைமென்ஷன் எல்லாம் போட்டிருக்கே?"

"அது மிருகம் சார்."

அவர் தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"மிருகத்துக்கு எதுக்கு ப்ளஸ் மைனஸ், டாலரன்ஸ் எல்லாம்?"

"சாப்பிட்டா கொஞ்சம் பெருசாகும் சார். அதுக்குத்தான்."

பக்கத்தில் இருந்த எங்கள் சூப்பர்வைசர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. இருந்தாலும் குரல் தணிந்தது. இது உங்களைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். பதிவேட்டில் பொய் எழுதியது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேலை போகாது, எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். தாள்கள் மட்டும் விதிப்படி இன்றைக்கே அழிக்கப்பட வேண்டும், நானே போட வேண்டும், செக்யூரிட்டி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

நான் வரைந்த பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜெராக்ஸ் மெஷின் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, ஒருவேளை சரி என்றிருப்பார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த தாளைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன்.

துண்டாக்கும் மெஷின் எங்கள் பிரிவின் மூலையில் இருக்கிறது. சாட்சிக்கு வந்தது அதே பெண்தான். பெண் ஊழியர் விஷயம் என்பதால் அவளை அனுப்பியிருந்தார்கள். அதிகாரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்.

"நான் சொல்லலன்னா அவரே திருப்பிப் பாத்திருப்பாருக்கா," என்றாள் மெதுவாக. "அப்ப ரெண்டு பேரும் போயிருப்போம்."

"தெரியும்மா."

"நீங்க ஒரு காப்பி கேட்டீங்களா?"

"இல்ல."

"நான் போய்க் கேக்கட்டா?"

"வேண்டாம். உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

அவளைக் காப்பாற்றத்தான் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேனேஜர் அறையில் இருந்தபோது அவள் நினைப்பே எனக்கு இல்லை. எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மெஷின் ஒரு தடவைக்கு இரண்டு தாள்தான் தின்னும். மூன்று விட்டால் சிக்கிக்கொள்ளும். இரண்டு இரண்டாகப் போட்டேன். காற்று விதிகள், மந்திரங்களின் பட்டியல், நாலு ஞாயிறு போட்டு வரைந்த கப்பல். மிருகத்துக்கு ஆறு தாள் இருந்தது. நடுவில் மெஷின் சூடாகி நின்றுவிட்டது. பத்து நிமிடம் அது ஆறுவதற்காக நின்றோம்.

கடைசித் தாள் வந்தது. அவள் அதைப் பார்த்ததில்லை. கையை நீட்டினாள், கொடுத்தேன். மேல்தோற்றம் மட்டும்தான் வரைந்திருந்தேன். தளியில் அவர்கள் தோட்டம் எப்படி இருக்கும் என்று அவள் சொன்னதை வைத்து, பாத்தி பாத்தியாக நிலம், நடுவில் ஒரு வாய்க்கால், ஓரத்தில் கப்பல் இறங்க ஒரு வெறும் இடம்.

"இதானாக்கா?"

"இதான்."

"வந்துட்டமா?"

"வந்துட்டோம்."

"தண்ணி வருதே," என்றாள் வாய்க்காலைத் தொட்டு. "பேக்கிங் அக்காகிட்ட சொல்லணும்." பிறகு, "அளவு போடலியே?" என்றாள்.

"இன்னும் போடல."

கண்ணாடிக்கு வெளியே அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். போட்டேன். பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே அவள் போட்டாள், கன்னடத்தில்.

சாயங்காலம் பஸ்ஸில் பேக்கிங் அக்கா திட்டிக்கொண்டே வந்தார். "கேட்டா என்ன, அடிச்சா புடுவாங்க? இத்தன நாளு கத சொன்ன வாயிதான அது?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகளிடம் போனில் சொன்னபோது, போட்டோவாவது எடுத்து வைத்திருக்கலாமே அம்மா என்றாள். எடுத்திருக்கலாம்தான். தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, முதல் ஷிப்ட். எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு புதிய வரைபடம் வந்தது, பழையதை மெஷினில் போட்டேன். மதியம் மூவரும் ஓய்வறையில் சாப்பிட்டோம், பேக்கிங் அக்கா எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார். ஷிப்ட் முடிந்து போகும்போது வாசலில் அவள் என் பையைத் திறந்து பார்த்தாள். டிபன் டப்பாவும் குடையும் இருந்தன. மூடிக் கொடுத்து, போங்கக்கா என்றாள்.